காலட்சேபமும் சபை ஐக்கியமும்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வரலாறு தரும் படிப்பினை

முன்னுரை

இறைமக்களின் சமூகம் வேதத்தைப் படித்து உருவானதைவிடக் கேட்டு உருவானதே மிகுதி. மோசே தன் இறுதி நாட்களில் ஒரு பாட்டை எழுதி, அதை இஸ்ரவேல் சபையார் அனைவரும் கேட்கச் சொல்லி, அவர்கள் வாயில் நிலைக்கும்படி செய்தான் என உபாகமத்தின் 31, 32ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன. எஸ்றா நியாயப்பிரமாணத்தை வீதியில் நின்று வாசித்தபோது ஆடவரும் பெண்டிரும், கேட்டு அறியத்தக்க யாவரும் ஒன்றாய்க் கூடியிருந்ததை நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பவுல் அப்போஸ்தலனின் நிருபங்களும் ஒருவர் வாசிக்கச் சபையார் கேட்பதற்காகவே எழுதப்பட்டன. கொலோசெயர் 3:16 சபையார் ஒருவருக்கொருவர் போதிக்கும் வழியாகப் பாட்டையே குறிப்பிடுகிறது.

ஆகவே, கூடியிருப்போர் முன்னிலையில் வாயால் சொல்லப்பட்டு, செவியால் ஏற்கப்பட்டு, கேட்போரின் மறுகுரலால் நிறைவுபெறும் கவிதை திருச்சபைக்குப் புதியதன்று. தமிழ்நாட்டுப் புராட்டஸ்தாந்து சபைகளில் இம்மரபு காலட்சேபம் என்ற பெயரில் வேரூன்றியது. அதற்கு உருவம் தந்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). இவரை மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு (1826-1889) மயங்கக்கொள்ளுதல் கூடாது. பின்னவர் கத்தோலிக்கர்; பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர்.

சாஸ்திரியாரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் புகழுரைகளாகவே முடிந்துவிடுகின்றன. அவர் பாடல்கள் நமது ஆராதனையில் பெற்றுள்ள இடத்தை நோக்கின் அப்புகழ் தகுதியானதே. எனினும் அவருடைய வரலாற்றில் இறையியல் மாணாக்கர் நேர்கொண்டு நோக்கவேண்டிய ஒரு முரண் உண்டு. மக்களைத் தமிழ்க் கவிதையால் ஒன்றுசேர்த்த அவரே, ஆலயத்திற்குள் மக்கள் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கத்திற்காகவும் வாதாடினார். கேட்பதில் ஏற்பட்ட ஐக்கியம் அமர்வதிலும் உண்பதிலும் ஏன் ஏற்படவில்லை? இக்கேள்வியை மனத்திற் கொண்டே இவ்வரலாற்றை ஆராய முற்படுகிறோம்.

1. தஞ்சைச் சபையின் பின்னணி

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அங்கிருந்து நற்செய்தி தஞ்சை அரசின் எல்லைக்குள் பரவியதில் இந்திய உபதேசிமாரின் பங்கே பெரிது. அவர்களுள் ஒருவர் இராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் சேவகராயிருந்த இவர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராக உழைத்தார். இவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். 1733இல் ஆரோனும் 1741இல் தியாகோவும் குருப்பட்டம் பெற்றனர், இராஜநாயக்கன் பெறவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இச்செய்தியைக் கடந்து செல்லுதல் எளிது. ஆனால் நமது ஆராய்ச்சிக்கு இது திறவுகோல் போன்றது. இராஜநாயக்கனின் வாய்ச்சொல்லைச் சபை தள்ளிவிடவில்லை. அவருடைய கையையே ஏற்கத் தயங்கியது. வசனத்தை ஒருவரிடம் கேட்பதற்கும் அப்பத்தை அவரிடம் பெறுவதற்கும் இடையே இருந்த இடைவெளி, சாஸ்திரியார் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே தஞ்சைச் சபையில் நிலைபெற்றிருந்தது.

பின்னர் தஞ்சையில் தங்கி ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர் (மறைவு 1798) அரசராலும் குடிகளாலும் ஒருங்கே மதிக்கப்பட்டவர். அவர் காலத்தில் சபையார் ஒரே ஆலயத்தில் கூடி ஒரே திருவிருந்தில் பங்குபெற்றனர். ஆயினும் சாதிப்படி தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தனர். காலப்போக்கில் இது தானாக மறைந்துவிடும் என்று அம்மூத்த மிஷனெரிகள் நம்பியிருந்தனர் எனலாம்.

2. கவிஞர் உருவான விதம்

வேதநாயகம் 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், வெள்ளாளர். முதலில் கத்தோலிக்கராகிப் பின் சுவிசேஷ சபையைச் சேர்ந்தவர். 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, பன்னிரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுவனின் கூர்மையைக் கண்டு, தந்தையின் சம்மதத்துடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்தவரே. அரசரும் கவிஞரும் ஒரே குருவின் நிழலில் கற்றவர்கள் என்ற நட்பு இருவருக்கும் இறுதிவரை நீடித்தது.

தரங்கம்பாடியில் இறையியலும் பிற சாஸ்திரங்களும் பயின்ற வேதநாயகம், 1794இல், இருபது வயதளவில், தஞ்சையில் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். பூகோளம், வானசாஸ்திரம், கணிதம் முதலியவை அவர் கற்பித்த பாடங்கள். அவர் கவிதைகளில் வேதாகமச் செய்தியோடு உலக அறிவும் கலந்து வருவதற்கு இதுவே காரணம். கவிஞராகும் முன்னரே அவர் ஆசிரியர். வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் செய்ததையே இரவில் பந்தலின்கீழ் பெரியோர்க்கும் செய்தார் என்று கூறினால் மிகையாகாது.

அக்காலத் தஞ்சையோ கலைகளின் களஞ்சியமாயிருந்தது. தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் புலவர்கள் பாடினர். சரஸ்வதி மகால் நூலகம் சரபோஜியின் ஆதரவில் வளர்ந்தது. குறவஞ்சி நாடகங்கள் கோயில்களிலும் அவைகளிலும் ஆடப்பட்டன. சரபோஜியையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அவற்றுள் ஒன்று. இச்சூழலில் கிறிஸ்தவ சபை மட்டும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழ்ச் சொற்களில் பெயர்த்து, ஐரோப்பிய இராகத்தில் பாடிக்கொண்டிருந்தது. அப்பாட்டுகளின் பொருள் ஆழமானதே. ஆயினும் வயலிலும் களத்திலும் வீட்டு முற்றத்திலும் மக்கள் வாயில் அவை தாமாக எழவில்லை. இக்குறையை உணர்ந்தவர் வேதநாயகம்.

3. காலட்சேபம் நடைபெற்ற முறை

காலட்சேபம் என்னும் சொல் காலத்தைப் போக்குதல் என்று பொருள்படும். நல்ல காரியத்தைக் கேட்பதில் காலத்தைச் செலவிடுதல் என்பது அதன் கருத்து. ஹரிகதை காலட்சேபம் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றோரால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாம் இன்று அறியும் உருவத்தை அடைந்தது. அதற்கு முன்னரே, தஞ்சையில் வழங்கிய பலவகைக் கதை சொல்லும் முறைகளையும் பாடும் முறைகளையும் தழுவி, சாஸ்திரியார் தம் பாடல்களைச் சபைகளில் பாடியும் விளக்கியும் வந்தார். அவருடைய குடும்பத்தாரும் மாணாக்கரும் உடன் பாடினர். மகள் ஞானதீப அம்மாள் இப்பணியில் தந்தைக்குத் துணைநின்றவர். பெண் ஒருத்தி வேதப் பொருளைப் பலர்முன் பாடுவது அக்காலத்திற்குச் சிறிய காரியமன்று.

காலட்சேபத்தின் அமைப்பை இளங்குருமார் பலர் நேரிற் கண்டிருக்க வாய்ப்பில்லையாதலால் சுருக்கமாகக் கூறுவோம். விளக்கேற்றியபின் சபையார் கூடுவர். கதை சொல்பவர் நின்றுகொண்டு கடவுள் வாழ்த்தாக ஒரு விருத்தத்தைத் தாளமின்றி, சொல் தெளிவாகக் கேட்கும்படி இசைப்பார். பின் வசன நடையில் கதையைத் தொடங்குவார். கதை ஓர் உச்சத்தை அடையும்போது கீர்த்தனை எழும். பல்லவியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். இரண்டாம் முறை சபையாரும் சேர்ந்துகொள்வர். சரணங்களில் கதை நகரும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி திரும்ப வரும். இடையிடையே கேட்போரை நோக்கிக் கேள்வி கேட்பதும், ஊரில் நடக்கும் காரியங்களைத் தொட்டுப் பேசுவதும் உண்டு. இறுதியில் மங்களம் பாடி முடிப்பர்.

இம்முறையில் மூன்று பயன்கள் உள்ளன. முதலாவது, நினைவாற்றல். எழுதப் படிக்க அறியாதவர் பல்லவியைக் கொக்கியாகப் பற்றிக்கொண்டு முழுக் கதையையும் மனத்தில் இருத்திக்கொள்வர். இரண்டாவது, பங்கேற்பு. பிரசங்கத்தில் சபையார் மௌனமாயிருக்க, காலட்சேபத்தில் அவர்கள் குரலின்றிப் பாட்டு நிறைவுறாது. மூன்றாவது, இடம். ஆலயம், வீட்டுத் திண்ணை, கலியாணப் பந்தல், தெருமுனை ஆகிய எங்கும் இது நடைபெறக்கூடும். ஆதலால் ஆலயத்திற்குள் வரத் தயங்கும் அயலாரும் நின்று கேட்பர். ஒரே பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவோர், தாம் அறியாமலே ஒரே மூச்சில் மூச்சுவிடப் பழகுகின்றனர். சபை ஐக்கியத்தின் உடலளவிலான தொடக்கம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

4. மக்கள் வடிவங்களில் நற்செய்தி

சாஸ்திரியார் எடுத்துக்கொண்ட இலக்கிய வடிவங்களைக் கவனித்தால் அவருடைய நோக்கம் விளங்கும். காப்பியம் பாடும் ஆற்றல் அவருக்கு இருந்தும், செவிக்கும் மேடைக்கும் உரிய சிற்றிலக்கிய வடிவங்களையே அவர் பெரிதும் நாடினார்.

பெத்லகேம் குறவஞ்சி (1800) இவற்றுள் தலைசிறந்தது. தலைவன் உலா வருதல், தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், குறவனாகிய சிங்கன் பறவை பிடித்தல் என்பவை குறவஞ்சியின் மரபான உறுப்புகள். திருநெல்வேலிச் சீமையில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு இக்கதைப்போக்கு நன்கு தெரிந்ததே. சாஸ்திரியார் இதில் கிறிஸ்துவைத் தலைவராகவும் சீயோன் குமாரத்தியாகிய சபையைத் தலைவியாகவும் அமைத்தார். குறத்தி விசுவாசத்திற்கு உருவகம். பறவை பிடிப்பவன் ஆத்துமாக்களைத் தேடும் ஊழியனுக்கு உருவகம். நாட்டு வளமும் மலை வளமும் வருணிக்கப்படும் மரபைப் பயன்படுத்தி, உலகப் பூகோளத்தையும் கோள்களின் இயக்கத்தையும் பாட்டில் சேர்த்தார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராதவனும் குறத்தியின் வாயிலாகத் தேசங்களின் பெயரைக் கேட்டான்.

குறத்தி சமூகத்தின் விளிம்பில் நிற்பவள்; வீடற்று ஊர் ஊராய் அலைபவள். அவள் வாயிலேயே விசுவாசத்தின் சொல் வைக்கப்பட்டது. இதன் முழுப் பொருளைக் கவிஞர் தாமே உணர்ந்திருந்தாரா என்பது வேறு கேள்வி. கவிதை சில வேளைகளில் கவிஞனைவிட முன்னே நடக்கும்.

சாஸ்திரக்கும்மி (1814) பெண்கள் வட்டமாய் நின்று கைகொட்டிப் பாடும் கும்மி வடிவில், சகுனம், நாள் கோள் முதலிய மூட வழக்கங்களைச் சாடுவது. நொண்டி நாடகம் என்பது, தீயவழியில் சென்று கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லி, இறையருளால் நலம்பெறும் நாட்டார் வடிவம். மனந்திரும்புதலைச் சொல்ல இதைவிட ஏற்ற வடிவம் கிடைத்தற்கரிது. ஆகவே ஞான நொண்டி நாடகம் எழுந்தது. ஞானத்தச்ச நாடகமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. பின்னாளில் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தைக் (1894) கம்பன் வழியில் காப்பியமாக்கியபோது கற்றோர் மனத்தைக் கவர்ந்தார். சாஸ்திரியாரோ கல்லாதார் செவியையும் கவர்ந்தார்.

5. நான்கு கொடுமைகள்

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் மூத்தோரின் பொறுமையை விரும்பவில்லை. அவர்கள் செய்த மாற்றங்களை எதிர்த்துச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் விண்ணப்பங்களும் வாதநூல்களும் எழுதினர். அவற்றில் நான்கு காரியங்கள் கொடுமைகளாகக் கூறப்பட்டன. சபையார் நெஞ்சில் பதிந்துவிட்ட பெப்ரீசியுஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல் ஒன்று. திருமணம் முதலிய சடங்குகளில் மலர்களை விலக்குதல் இரண்டாவது. தமிழ்க் கீர்த்தனைகளைத் தடைசெய்தல் மூன்றாவது. எல்லாச் சாதியாரையும் கட்டாயமாக ஒன்றுகலத்தல் நான்காவது.

இப்பட்டியலை நிதானமாக ஆராயவேண்டும். முதல் மூன்றிலும் நமது அனுதாபம் சாஸ்திரியாரையே சாரும். வேறொரு நாட்டின் பழக்கத்தையே கிறிஸ்தவ ஒழுக்கம் என்று மயங்கிய மிஷனெரிகள், மக்களின் மொழியையும் மலரையும் பாட்டையும் ஐயத்தோடு நோக்கினர். அதை எதிர்த்துத் தமிழ்க் கிறிஸ்தவன் தமிழனாகவே இருந்து கர்த்தரைத் துதிக்கலாம் என்று நின்றது சாஸ்திரியாரின் பெருமை. சுதேசி இறையியல் என்று நாம் இன்று பேசுவதற்கு அவர் முன்னோடி.

நான்காவதோ அத்தகையதன்று. சாதி என்பது மதத்தைச் சாராத உலக வழக்கம், ஐரோப்பியரிடத்திலும் உள்ள அந்தஸ்து வேறுபாடு போன்றது, ஒரே ஆலயத்தில் கூடுவதே ஐக்கியத்திற்குப் போதும் என்பது அவர் தரப்பின் வாதம். ஐரோப்பியர் தம் சமூகப் பிரிவுகளை மறந்து தமிழரை மட்டும் கடிந்தனர் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வாதத்தில் ஒரு குரல் கேட்கவேயில்லை. தனியே அமர்த்தப்பட்டவர்கள் அதைப்பற்றி என்ன நினைத்தார்கள் என்பதே அக்குரல். யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரம் சபையில் யாருக்கு எந்த இருக்கை தரப்பட்டது என்பதை விசுவாசத்தின் சோதனையாகவே வைக்கிறது. அந்த அதிகாரத்தின் முன் உலக வழக்கம் என்ற வாதம் நிற்கமாட்டாது.

ஆனால் எதிர்த்தரப்பாரும் குற்றமற்றவர்களல்லர். தமிழ்ப் பாட்டையும் சாதி இருக்கையையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்து, இரண்டையும் ஒருசேர அகற்ற முயன்றனர். விளைவாக, பாட்டைக் காக்க எழுந்தவர்கள் இருக்கையையும் சேர்த்தே காத்தனர். பண்பாட்டின் மீது கைவைக்கப்பட்டபோது, அப்பண்பாட்டின் நல்லதும் தீயதும் ஒரே அரணுக்குள் புகுந்துகொண்டன. மிஷன் வேலையை இழந்த சாஸ்திரியாரைச் சரபோஜி மன்னர் ஆதரித்தார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்கும்படி சுற்றறிக்கை விடுத்தார். 1835இல் தஞ்சைக்கு நேரில் வந்தார். ஆணைக்கு இணங்காமல் பலர் சபையைவிட்டு விலகினர். ஆணையால் இருக்கையை மாற்ற முடிந்த இடங்களிலும் மனத்தை மாற்ற முடியவில்லை என்பதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளே சான்று.

6. ஏட்டில் ஏறிய கீர்த்தனை

கீர்த்தனைகளைத் தள்ளிய காலம் நெடிது நீடிக்கவில்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர், தமிழ் இசை மரபின் மதிப்பை உணர்ந்து, கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறந்த இடம் பெற்றன. முதிய கவிஞர் அப்போது உயிருடனிருந்தார். 1864இல் ஏறத்தாழ 90ஆம் வயதில் காலமானார். ஒரு தலைமுறைக்கு முன் ஆலயத்திற்கு ஆகாதவை எனப்பட்ட பாடல்கள், சபைப் பிரிவுகளைக் கடந்து தமிழ்ப் புராட்டஸ்தாந்தாருக்குப் பொதுச் சொத்தாயின.

அச்சேறியதால் இலாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பாடல்கள் அழியாமல் காக்கப்பட்டன. தூரச் சபைகளையும் எட்டின. ஆனால் கதையினின்று பாட்டு பிரிந்தது. காலட்சேபத்தில் விருத்தத்திற்கும் வசனத்திற்கும் நடுவே ஓர் உறுப்பாயிருந்த கீர்த்தனை, இலக்கமிட்ட தனிப்பாட்டாகி ஆராதனை முறையில் ஓர் இடத்தை நிரப்பிற்று. சொல்லுபவனும் கேட்பவனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட தொடர்பு குறைந்தது. சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் காலட்சேபத்தைத் தொடர்ந்து காத்துவந்தது நாம் நன்றியோடு நினைக்கவேண்டியது. எனினும் பெரும்பாலான சேகரங்களில் அது பண்டிகைக்காலக் காட்சியாகச் சுருங்கிவிட்டது.

7. மறுமுனையிலிருந்து எழுந்த குரல்

சாஸ்திரியார் விட்டுச்சென்ற முரணுக்கு விடைகாண முயன்றவர்களுள் ஒருவர் பரட்டை என்ற பெயரில் அறியப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்த இவர், கர்நாடக இசைக் கீர்த்தனை ஒரு சாராரின் பண்பாட்டைச் சுமந்து வருகிறது என்று சுட்டிக்காட்டினார். கிராமத்துத் தலித் மக்களின் மெட்டுகளையும் பேச்சு வழக்கையும் தாளக் கருவிகளையும் கொண்டு பாடல்களும் வழிபாட்டு முறையும் இயற்றினார். மேளதாளத்தில் தீட்டு என ஒதுக்கப்பட்ட பறையின் ஒலி வழிபாட்டில் இடம்பெற வழி திறந்தது.

அவர் வலியுறுத்திய இரண்டு கருத்துகள் நமது பொருளுக்கு இன்றியமையாதவை. மக்கள் பாடும்போது பாட்டு மாறினால் அதைப் பிழையெனக் கருதாமல், மக்களும் ஆசிரியராகிவிட்டதன் அடையாளமாக வரவேற்கவேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று அவர் ஒரே உலை என்று வழங்கியது. எல்லாரும் கொண்டுவந்த அரிசியை ஒரே உலையிலிட்டு, சமைத்து, சாதி பாராது கூடி உண்பதிலேயே நற்கருணையின் பொருள் விளங்கும் என்பது அதன் சாரம். இராஜநாயக்கனின் வாயை ஏற்றுக் கையை ஏற்க மறுத்த சபைக்கு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழி என்றே இதைக் கொள்ளலாம். செவியில் தொடங்கிய ஐக்கியம் பந்தியில் நிறைவுபெறவேண்டும் என்பதை இவர் கண்டார்.

8. நமது ஊழியத்திற்கு

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். கிராமச் சேகரமொன்றில் நான் இளங்குருவாயிருந்தபோது, கிறிஸ்து பிறப்பின் காலத்தில் காலட்சேபம் ஒழுங்குசெய்தேன். பந்தலுக்குள் பாய் விரித்திருந்தது. கீழத்தெருவிலிருந்து வந்த குடும்பங்கள் பந்தற்காலுக்கு வெளியே மணலில் அமர்ந்தன. அங்கே அமரும்படி எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உள்ளே வரும்படியும் எவரும் அழைக்கவில்லை. பல்லவியைப் பிழையறத் திருப்பிப் பாடியவர்கள் அவர்களே. கூட்டம் கலைந்தபின் ஒரு மூதாட்டி என்னிடம், "ஐயா, பாட்டு எங்க பக்கமும் நல்லாக் கேட்டுச்சு" என்றார். பாராட்டாகவே சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அழைக்காதவர்களுள் நானும் ஒருவன். சாஸ்திரியாரைக் குறைகூறும் தகுதி எனக்கு எவ்வளவு என்பதை அன்று அறிந்தேன்.

ஆகவே, தீர்ப்புக் கூறுவதற்காக அன்றி, கற்றுக்கொள்வதற்காகவே சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாய்மொழிக் கவிதையைச் சேகரங்களில் மீண்டும் வளர்க்கவேண்டும். இன்று திரையில் ஒளிரும் வரிகளை நோக்கி எல்லாரும் பாடுகிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அரிதாகிவிட்டது. மாதத்தில் ஓர் இரவாவது புத்தகமும் திரையுமின்றி, வேதக் கதை ஒன்றைச் சொல்லியும் பாடியும் கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின் சபையார் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவர்.

இரண்டாவது, எங்கே நடத்துகிறோம் என்பதைச் சிந்திக்கவேண்டும். ஆலய முற்றத்தில் நடத்தி எல்லாரையும் வரச்சொல்வதோடு நில்லாமல், எந்தத் தெருவுக்கு நாம் போவதில்லையோ அந்தத் தெருவிலேயே பந்தலிடுவது நலம். அங்கே நாம் விருந்தினராய் அமர்வோம்.

மூன்றாவது, சொல்லுபவர் யார் என்று கேட்கவேண்டும். ஞானதீப அம்மாள் பாடிய சபையில் இன்று பெண்கள் பின்பாட்டோடு நிறுத்தப்படுவது தகாது. வயலில் உழைப்போர், துப்புரவுப் பணியாளர், மீனவர் ஆகியோர் தம் வாழ்வைத் தம் சொல்லில், தம் மெட்டில் சொல்ல இடமளிக்கவேண்டும். அவர்கள் சொல்லும்போது மற்றவர்கள் பல்லவியை வாங்கிப் பாடுவார்களாக.

நான்காவது, பாட்டு முடிந்ததும் கலைந்துபோகாமல் கூடி உண்ணவேண்டும். மங்களம் பாடியபின் ஒரே அடுப்பில் சமைத்த உணவைக் கலந்து அமர்ந்து உண்ணாவிடில், நாம் பாடியது பந்தற்காலோடு நின்றுவிடும்.

முடிவுரை

வேதநாயக சாஸ்திரியார் தமிழ்ச் சபையின் செவியைத் திறந்தவர். அவர் பாடல்கள் அவருடைய வாதங்களைவிட நெடிது வாழ்ந்தன. எந்தச் சமூகத்தாரைத் தனியே அமர்த்துவது முறையென்று அவர் வாதாடினாரோ, அச்சமூகத்தின் மக்களே இன்று பல சேகரங்களில் அப்பாடல்களைப் பாடிக் காத்துவருகின்றனர். கர்த்தர் மனிதருடைய குறைவான பாத்திரங்களிலும் தம் திராட்சரசத்தை ஊற்றுகிறார் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

ஆயினும் அவருடைய கிருபையை நமது சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. ஒன்றாய்க் கேட்பது ஐக்கியத்தின் வாசல். வாசலில் நின்று பாடிக்கொண்டிருப்பவர்களை, பாய் விரித்திருக்கும் உள்ளிடத்திற்கு அழைப்பது சபைக் குருவின் கடமை. அடுத்த முறை நமது சேகரத்தில் காலட்சேபம் நடக்கும்போது, மேடையை நோக்குமுன் பந்தலின் ஓரத்தை ஒருமுறை நோக்குவோமாக.